வீட்டுலேர்ந்து பார்த்தா தீபம் இல்லையா?

தீபத்துக்குக் கொடி ஏறினா போதும், நம்ம ஊர்ல ஒரு டயலாக் கூடவே ஏறிடும். "டிவில பாக்கறதெல்லாம் ஒரு தரிசனமாப்பா? நேர்ல நிக்கணும், அந்தக் கூட்டத்துல நசுங்கணும், அப்பதான் அது தீபம்." இதைச் சொல்றவங்களை நாலு வருஷமா கவனிச்சுக்கிட்டு வரேன். பெரும்பாலும் மூணே வகைதான். ஒண்ணு, கையில பாஸ் வெச்சிருக்கிற வெளியூர் சொந்தக்காரர். ரெண்டு, கூட்டத்துக்கு நடுவுல செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டே ஆகணும்னு துடிக்கிற என் கிளாஸ்மேட். மூணு, கடைசியா எப்போ கோவிலுக்குள்ள போனார்னு அவருக்கே ஞாபகம் இல்லாத பக்கத்து வீட்டு தத்துவஞானி. மூணு பேருமே நம்மகிட்ட சொல்றது ஒண்ணுதான்: லைவ்ல பாக்கறவன் சோம்பேறி, பக்தி இல்லாதவன், கலையை மதிக்கத் தெரியாதவன்.

இந்த மூணு பேருக்கும் சேர்த்துத்தான் இது. கோபமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு சின்ன கேள்வி. கொப்பரையை எதுக்குங்க மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போறாங்க? 2,668 அடி உயரம். டன் கணக்குல நெய், ஆயிரம் மீட்டர் காடா துணி, எல்லாமே மனுஷன் தோள்லதான் ஏறுது. பர்வத ராஜகுலத்து ஆளுங்கதான் வழிவழியா அந்தத் தீபத்தை ஏத்தறாங்க. கோவில் கீழ இருக்கு, சாமி கீழ இருக்கு, கூட்டமும் கீழதான் இருக்கு. நேர்ல வந்தவனுக்கு மட்டும்தான் தீபம்னா, கொடிமரத்துக்கு முன்னாடி ஒரு அகல் ஏத்திட்டு முடிச்சிருக்கலாமே? மேல ஏத்தறதே வீட்டுல இருக்கறவனுக்குத் தெரியணும்னுதான். கீழ்பென்னாத்தூர் பக்கம் களத்து மேட்டுல நிக்கறவனுக்கு, தண்டராம்பட்டு பக்கம் மாட்டைக் கட்டிட்டு நிமிர்ந்து பாக்கறவனுக்கு, மாடிப்படி ஏற முடியாம வாசல் திண்ணையில உக்காந்திருக்கிற கிழவிக்கு. 6 மணிக்கு மலையில ஒளி தெரிஞ்சதும் கன்னத்துல போட்டுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் நம்ம ஊர்ல வீட்டு விளக்கை ஏத்துவாங்க. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்காம இருந்தவங்க அதுக்கப்புறம்தான் வாயில எதையாவது போடுவாங்க. அதுவும் ஒரு நாள் இல்ல, தொடர்ந்து 11 நாள் எரியும். முதல் நாள் மழை மேகம் மறைச்சுதா, மறுநாள் பாத்துக்கலாம்.

லைவ் டெலிகாஸ்ட்னா என்ன? ஒரு இடத்துல நடக்கறது அதே நொடியில ஊருக்கெல்லாம் தெரியறது. அதை கரண்ட், கேமரா எதுவும் இல்லாத காலத்துலயே பண்ணி வெச்சவங்க நம்ம ஆளுங்க. சாட்டிலைட் இல்ல, மலை இருந்துது. அவ்வளவுதான் வித்தியாசம். இன்னைக்கு மதுரையிலயோ மஸ்கட்லயோ ஒரு அம்மா போன்ல நம்ம மலையைப் பாத்துட்டு அந்த நொடியில தன் வீட்டு அகலை ஏத்தறாங்கன்னா, அவங்க திண்ணைக் கிழவி பண்ணதைத்தான் பண்றாங்க. மலை கொஞ்சம் தூரமா போயிடுச்சு, அவ்வளவே.

நிற்க. இப்ப வீட்டுலேர்ந்து பாக்க முடியாத விஷயத்துக்கு வருவோம்.

மலை தீபத்துக்கு முன்னாடி கோவிலுக்குள்ள நடக்கறதுதான் அது. பஞ்சமூர்த்திகள் வந்து காத்திருக்க, அர்த்தநாரீஸ்வரர் உள்ளேயிருந்து ஆடிக்கிட்டே வந்து கொடிமரத்துக்கு முன்னாடி காட்சி கொடுக்கறது. வருஷத்துக்கு ஒரு முறை, ரெண்டு மூணு நிமிஷம். அதோட உள்ள போயிடுவார். அந்த நேரம் அங்க அகண்ட தீபம் ஏறும், அதே நேரம் மலையில தீபம் ஏறும், ஊரே "அரோகரா"ன்னு அலறும். இதை நேர்ல பாத்தவங்க எத்தனை பேர்? கோவில் மொத்தமே ஏறத்தாழ 25 ஏக்கர். அதுல அந்த மூணு நிமிஷம் கண்ணுல படற மாதிரி இருக்கிற இடம் ஒரு சின்ன முற்றம். அன்னைக்கு ஊருக்குள்ள இருக்கறது லட்சக்கணக்கான ஜனம். 2022-ல மகா தீபத்துக்கு ஆன்லைன்ல வித்த டிக்கெட் எத்தனை தெரியுமா? 600 ரூபாய் டிக்கெட் 100, 500 ரூபாய் டிக்கெட் 1,000. பரணி தீபத்துக்கு 500 ரூபாய் டிக்கெட் 500. மீதி இடம் பாஸ், கட்டளைதாரர், உபயதாரர், அதிகாரி, அதிகாரிக்குத் தெரிஞ்சவர், தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர்.

எங்க ஆயா இந்த ஊர்லயே பொறந்து, இந்த ஊர்லயே வாக்கப்பட்டு, பூ கட்டி வித்து மூணு புள்ளைங்களை வளர்த்தவங்க. கோவிலுக்கும் எங்க வீட்டுக்கும் நடந்து போனா கால் மணி நேரம். அர்த்தநாரீஸ்வரரை அவங்க முதன்முதலா பாத்தது எங்கன்னு நெனைக்கறீங்க? வீட்டுக்கு கேபிள் வந்ததுக்கப்புறம், டிவி பெட்டியில. "இவ்ளோ வேகமாவா ஆடிக்கிட்டு வருவாரு"ன்னு கேட்டாங்களாம். அத்தனை வருஷமும் மதில் சுவத்துக்கு வெளியில நின்னு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு, மலையைப் பாத்துக் கும்பிட்டுட்டு வந்தவங்க. இப்போ முழங்கால் போச்சு, வாசல் தாண்டறதே பெரும்பாடு. அவங்ககிட்ட வந்து "நேர்ல பாக்கற மாதிரி வருமா ஆயா"ன்னு கேக்கற அந்தச் சொந்தக்காரர் கையில பாஸ் இருக்கு பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சரி, "அனுபவம்"னு ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. மகா ரதத்துல பெரிய தேர் கிளம்பற அந்த முதல் குலுங்கல் வடம் வழியா உள்ளங்கைக்கு வரும் பாருங்க, அது எந்த 4கே-லயும் வராது. அம்மன் தேரைப் பொம்பளைங்களே இழுத்துக்கிட்டு வரப்போ வர அந்தச் சத்தம், 14 கிலோமீட்டர் கிரிவலத்துல ராத்திரி 2 மணிக்குக் கால் மரத்துப் போறது, அடி அண்ணாமலை தாண்டினதும் குடிக்கிற ஒரு சுக்கு காபி, இதெல்லாம் நேர்லதான். யார் மறுத்தா? ஆனா இதுல ஒண்ணு கவனிச்சீங்களா, இதெல்லாம் பண்றது, நடக்கறது, இழுக்கறது. பாக்கறது இல்ல. பாக்கறதுன்னு வந்துட்டா, கூட்டத்துல நிக்கறவன் பாக்கறது முன்னாடி நிக்கறவன் தலையையும், அவன் தூக்கிப் பிடிச்ச செல்ஃபோன் ஸ்க்ரீனையும்தான். அதாவது அவனும் ஸ்க்ரீன்லதான் பாக்கறான். எங்க ஆயாவோட ஸ்க்ரீன் பெருசு, அவன் ஸ்க்ரீன் சின்னது. போங்கய்யா!

நசுங்கினாத்தான் பக்தின்னு சொல்றவங்களுக்கு இன்னொரு விஷயம். 1992 மகாமகத்துல கும்பகோணத்துல நெரிசல்ல ஏறத்தாழ 50 உசுரு போச்சு. 2022 ஏப்ரல் 16, மதுரையில அழகர் ஆத்துல இறங்கற அன்னைக்கு நெரிசல்ல 2 பேர் செத்தாங்க. 2024 அக்டோபர் 6, மெரினாவுல விமான சாகசம் பாக்கப் போன கூட்டத்துல வெயில், தாகம், நெரிசல்னு 5 பேர் திரும்பி வரல. சாமி விஷயம் மட்டுமில்ல, 2023 செப்டம்பர் 10 ஈ.சி.ஆர். ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில ஆயிரக்கணக்குல காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவங்களே உள்ள போக முடியாம திரும்பினாங்க, பொண்ணுங்க கூட்டத்துல பட்ட பாட்டை அவங்களே எழுதினாங்க. நம்ம ஊருக்கே வருவோம். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில நம்ம மலைச் சரிவே இறங்கி வ.உ.சி. நகர்ல 7 பேர் மண்ணுக்குள்ள போனாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. பன்னிரண்டே நாள்ல, டிசம்பர் 13, தீபம். அந்த வருஷம் பக்தர்கள் மலை ஏறக் கூடாதுன்னு தடை போட்டாங்க. தீபம் ஏத்தறவங்க மட்டும் போய் ஏத்தினாங்க. அப்பவும் சில பேர், "மலை ஏறாம என்ன தீபம், சம்பிரதாயம் போச்சு"ன்னு. ஏழு பேர் போன ஈரம் காயல, அந்த மண்ணு மேல இன்னும் ஆயிரம் காலு மிதிச்சாத்தான் இவருக்கு சம்பிரதாயம் நிக்கும். அந்த வருஷம் வீட்டுல உக்காந்து பாத்தவன் ஒவ்வொருத்தனும் மலைக்கு நல்லது பண்ணான்னுதான் நான் சொல்லுவேன்.

2020-ஐ மறந்துட்டீங்களா? மே 4, மதுரை மீனாட்சி கல்யாணம் ஒரு சில பட்டர்களோட நடந்துது. எப்பவும் அன்னைக்குக் கோவில்ல புதுத் தாலிக்கயிறு மாத்திக்கிற பொம்பளைங்க, வீட்டுல லைவைப் பாத்துக்கிட்டே மாத்திக்கிட்டாங்க. யாருக்காவது தாலி இறங்கிப் போச்சா? நவம்பர் 29, நம்ம தீபம். வெளியூர்க்காரங்க யாரும் வரக் கூடாது, கிரிவலம் கிடையாது, சாமி மாட வீதி வராம கோவிலுக்குள்ளயே சுத்தினார். ஒலகத்துக்கே டிவிலயும் இன்டர்நெட்லயும்தான் தீபம். அன்னைக்கு "வீட்டிலிருந்தே தரிசியுங்கள்"னு ஃபார்வர்டு அனுப்பின அதே நம்பர்லேர்ந்துதான் இப்போ எனக்கு "நேரில் தரிசிப்பதே புண்ணியம்"னு ஃபார்வர்டு வருது. அண்ணே, ஏதாவது ஒண்ணுல நில்லுங்கண்ணே :-)

இப்போ கச்சேரி. மார்கழி சீசன்னு பேப்பர்ல படிக்கறதோட சரி, நம்ம ஊர்ப் பையனுக்கு அது வேற கிரகத்துல நடக்கற விஷயம். 2024 மே 2-ந்தேதி சென்னை கடற்கரைக்கு நேர் ரயில் விட்டாங்க, 50 ரூபாய் டிக்கெட், கோடி புண்ணியம். ஆனா ஆரம்பிச்சப்போ அதோட நேரத்தைப் பாருங்க. கடற்கரையில சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பி இங்க நடுராத்திரி 12 மணிக்கு வரும். சபாவுல பெரிய வித்வானோட கச்சேரி ஆரம்பிக்கறதே அந்த நேரத்தை ஒட்டித்தான். ஆக தம்புரா சுருதி சேர்க்கறப்போ நான் கிளம்பியாகணும். தங்கணும்னா லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ. எங்க காலேஜ்ல "ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்"னு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாங்க, அது எனக்குப் புரிஞ்சதே இந்தக் கணக்கைப் போட்டப்போதான்.

2020 மார்கழியில சென்னை சபாக்கள் எல்லாம் ஒண்ணா சேர்ந்து "யுவர்ஸ் ட்ரூலி மார்கழி"ன்னு ஆன்லைன்ல டிக்கெட் போட்டு நடத்தினாங்க. மியூசிக் அகாடமியும் அந்த வருஷம் ஆன்லைன்லதான். முதல் முறையா கடலூர்க்காரனும் கோவில்பட்டிக்காரனும் மயிலாப்பூர்க்காரனும் ஒரே வரிசையில உக்காந்தான். உடனே ஆரம்பிச்சாங்க: "ரசிகன் கைதட்டல் இல்லாம என்ன கச்சேரி, கேன்டீன் இல்லாம என்ன சபா." கேன்டீன் போண்டா இல்லாதது பெரிய இழப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அய்யா, திருவையாறு ஆராதனையில பஞ்சரத்ன கீர்த்தனையை ஆல் இந்தியா ரேடியோவும் தூர்தர்ஷனும் வருஷா வருஷம் நேரடியா போடறாங்க. காவிரிக் கரைக்கே போகாம, காலையில குளிச்சு ரேடியோ முன்னாடி உக்காந்து தாளம் போட்டவங்க எத்தனை ஆயிரம் வீட்டுல இருந்தாங்க! அவங்களை யாரும் சோம்பேறின்னு சொல்லல, "சங்கீத ஞானம் உள்ள குடும்பம்"னு சொன்னாங்க. தாத்தா ரேடியோவுல கேட்டா ஞானம், பேரன் யூட்யூப்ல கேட்டா சோம்பேறித்தனம். நல்லா இருக்கு நியாயம்.

இதுல புதுசா எதுவும் இல்லைங்கறதுக்கு ஒரு தகவல். 1881-ல பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில கிளெமான் அதேர்னு ஒருத்தர், ஆப்பரா மேடையில மைக் வெச்சு டெலிஃபோன் ஒயர் வழியா வேற இடத்துல இருந்தவங்களுக்குக் கேக்க வெச்சார். பின்னாடி அது வீட்டுக்கே வர சந்தா சேவையாவும் ஆச்சு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 2006 டிசம்பர்லேர்ந்து சினிமா தியேட்டர்ல நேரடி ஒளிபரப்பு பண்ணுது. எங்க கிளாஸ் பொண்ணுங்களோட குலதெய்வம் பி.டி.எஸ். (பஸ் கம்பெனி இல்லீங்க, கொரியா பாட்டு கோஷ்டி!) 2020 ஜூன்ல ஒரு ஆன்லைன் கச்சேரி வெச்சப்போ காசு கொடுத்துப் பாத்தவங்க சுமார் ஏழரை லட்சம் பேர். அந்த ஏழரை லட்சத்தை எந்த ஸ்டேடியத்துல அடைப்பீங்க?

பி.காம் படிக்கிறவன்ங்கற திமிர்ல ஒண்ணு சொல்லிக்கறேன். டீக்கு காபி சப்ஸ்டிட்யூட். டீக்கு சர்க்கரை காம்ப்ளிமென்ட். லைவ் வந்தா கோவிலுக்கு, சபாவுக்கு ஆளு வரமாட்டான்னு பயப்படறவங்க, லைவை காபின்னு நெனச்சுட்டாங்க. அது சர்க்கரை. இத்தனை வருஷமா தீபம் டிவில வருது, நம்ம ஊருக்கு வர கூட்டம் குறைஞ்சுதா? பௌர்ணமிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டு வந்து சொல்லுங்க. டிவில பாத்துப் பாத்துத்தான் "ஒரு தடவையாவது போய் வரணும்"னு கிளம்பி வராங்க. ஒருத்தனுக்குக் காட்டினாலும் ஒரு கோடி பேருக்குக் காட்டினாலும் கேமராவுக்கு ஆகற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். முற்றத்துல ஒருத்தன் உக்காந்தா இன்னொருத்தனுக்கு இடம் போச்சு. லைவ்ல நான் பாக்கறதால உங்களுக்கு ஒரு இன்ச் கூடக் குறையறதில்ல. இதுல உங்களுக்கு என்னதாங்க வலிக்குது?

லைவ் காட்டறவங்களும் தப்பிச்சுக்க முடியாது, அவங்களுக்கும் இருக்கு. ஒரு வருஷம் ஒரு சேனல்ல பாத்தேன், பேர் வேணாம். மணி 5:50. நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போயிட்டிருக்கு. வர்ணனையாளர் ரெண்டு பேர் மூச்சு விடாம தலபுராணம் சொல்றாங்க. பிரம்மா அன்னமா பறந்தார், விஷ்ணு பன்றியா தோண்டினார். தெரியும்ங்க, அந்தக் கதை தெரியாதவன் இந்தச் சேனலுக்கே வந்திருக்க மாட்டான். நடுவுல ஒரு நகைக்கடை. அர்த்தநாரீஸ்வரர் வெளியில வந்த அந்த நொடி கேமரா எங்க திரும்புச்சு தெரியுமா? முன் வரிசையில கை கூப்பி நின்ன ஒரு பெரிய மனுஷர் முகத்துக்கு. அவர் பாக்கறதை நாங்க பாத்தோம். அவர் என்ன பாத்தார்னு பாக்கறதுக்குள்ள சாமி திரும்பிட்டார். அஞ்சு செகண்டுதான், ஆனா ஆயாவுக்கு அடுத்த சான்ஸ் ஒரு வருஷம் கழிச்சு.

இன்னொண்ணு, இதை யாருமே பேச மாட்டேங்கறாங்க. அந்த நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் இதுல என்ன கிடைக்குது? 1957 காப்புரிமைச் சட்டத்துல 2012-ல ஒரு திருத்தம் வந்துது. தன் நிகழ்ச்சியைப் பதிவு பண்றதும் ஒளிபரப்பறதும் கலைஞனோட உரிமை, வியாபாரமா பயன்படுத்தினா அவனுக்கு ராயல்டி சேரணும்னு அதுல இருக்கு. மேடையில பாடற பெரிய வித்வானுக்கு இதைக் கேட்டு வாங்க ஆள் இருக்கு. சாமி முன்னாடி வேர்க்க விறுவிறுக்க ஊதிக்கிட்டே நடக்கறவருக்கு? எவனெவனோ அந்த வீடியோவை அறுத்து ஒட்டி தன் சேனல்ல போட்டு விளம்பரக் காசு பாக்கறான். திரையில ஊதறவர் பேர் கூட ஒரு வரி வராது. வர்ணனையாளர் பேர் வரும், ஸ்பான்சர் பேர் அஞ்சு தடவை வரும்.

ஆனா எனக்கு அடிவயித்துலேர்ந்து எரியறது வேற ஒரு விஷயத்துக்கு. போன தடவை மதியமே எங்க தெருமுனையில தடுப்பு கட்டிட்டாங்க. ஒரு வயசான அம்மா, நம்ம ஊர்தான், ஆதார் கார்டைக் காட்டி, வெளிப் பிரகாரத்துலயாவது நின்னுட்டு வரேன்னு கெஞ்சறாங்க. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னவர் சொன்னார்: "அதான் லைவ்ல காட்டறாங்களேம்மா, வீட்டுக்குப் போய் பாரு." சொல்லி வாய் மூடல, பின்னாடியே ஒரு கார் வந்துது, கண்ணாடியில பாஸ் ஒட்டியிருந்துது, தடுப்பு தானா திறந்துது.

பாத்தீங்களா சங்கதியை? பாஸ் இருக்கறவன் சொல்றான், லைவ்ல பாக்கறது தரிசனமே இல்லைன்னு. பாஸ் இல்லாதவங்க உள்ள வரேன்னா, லைவே போதும்னு பதில் வருது. ஒரே லைவ், அவனுக்குக் கேவலம், இவங்களுக்குத் தாராளம். லைவ் அவ்வளவு உசத்தின்னா அந்தப் பாஸ்காரங்க வீட்டுல உக்காந்து பாக்கட்டுமே, பெரிய டிவி அவங்க வீட்டுலதான் இருக்கு. முடியாதவங்களுக்கும், தூரத்துல இருக்கறவங்களுக்கும், நசுங்க விரும்பாதவங்களுக்கும் லைவ் ஒரு உரிமை. உள்ள விடாம துரத்தறதுக்கு அதை ஒரு சாக்கா எடுத்தா, அப்போ நான் முதல் ஆளா அந்தப் பாட்டி பக்கம் நிப்பேன், தடுப்புக்கிட்ட.

கேக்கறது ரொம்ப இல்லைங்க. 5:45-லேர்ந்து 6:15 வரைக்கும் அரை மணி நேரம், வர்ணனை இல்லாம, விளம்பரம் இல்லாம, கொடிமரத்தைப் பாத்த மாதிரி நகராத ஒரே கேமரா, அதோட நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தனியா ரெண்டு மைக். புராணம் வேணும்ங்கறவன் வேற சேனல் மாத்திக்கட்டும். வாசிக்கிறவங்க பேர் திரையில வரட்டும், அந்த வீடியோவுல வர காசுல அவங்களுக்கு ஒரு பங்கு போகட்டும். முற்றத்துல ஒரு நூறு இடம் நம்ம ஊர் ரேஷன் கார்டுக்கு, குலுக்கல் முறையில, 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு முதல்ல. குலுக்கலையும் லைவ்லயே காட்டுங்க, எத்தனை பேர் பாக்கறாங்கன்னு அப்போ தெரியும்.